காப்பகத்து நாயா, தெரிந்தவர் வீட்டுக் குட்டியா?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு வீட்டு நாய் குரைத்தால் அடுத்த வீட்டு நாய் அதை வாங்கிக்கொள்ளும். சற்று நேரத்தில் தெருக்கோடி வரை குரைப்பு போய்ச் சேர்ந்துவிடும். 1960களில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின் பேரில் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களைக் குடியமர்த்திய இந்த ஊரில் வீடுகள் பெரும்பாலும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஒட்டு வீடுகள், முற்றமோ சிறியது. திருட்டுப் பயம் இருப்பதால் நாய் வளர்ப்பது இங்கே பொழுதுபோக்கு என்பதைவிட வீட்டுக் காவல் என்றே கருதப்படுகிறது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த நாய் இறந்த பிறகு, அடுத்த நாயை எங்கிருந்து கொண்டுவருவது என்ற பேச்சு ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. தெரிந்தவர் வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் குட்டி, இனவிருத்தி செய்பவரிடம் விலைக்கு வாங்கும் குட்டி, எஸ்.பி.சி.ஏ. (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) போன்ற பெரிய காப்பகத்து நாய், வீடுகளிலேயே வைத்துப் பராமரிக்கும் சிறிய மீட்புக் குழுக்களின் நாய் என்று நான்கு வழிகள் எங்கள் முன் இருந்தன.

விலை, அழகு, இனம் என்று பல அளவுகோல்களை வைத்து இவற்றை ஒப்பிடலாம். என்னுடைய அளவுகோல் ஒன்றுதான்: நாயை வீட்டுக்குக் கொண்டுவரும் அன்று, அதன் உடல்நிலையையும் குணத்தையும் பற்றி நமக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டபோது, நான் தொடக்கத்தில் மனத்தில் வைத்திருந்த வரிசை ஏறக்குறைய தலைகீழாக மாறியது.

முதலில், நம்மிடையே மிகவும் பழக்கமான வழி. உறவினர் வீட்டுப் பெட்டை நாய் குட்டி போட்டிருக்கிறது, 'ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்' என்று கோயிலிலோ கல்யாண வீட்டிலோ சொல்வார்கள். கொடுப்பவருக்குச் சுமை குறைகிறது, வாங்குபவருக்குப் பணம் மிச்சம், இடையில் கையெழுத்தும் கேள்வியும் கிடையாது. ஆனால் இந்த இலவசம் கணக்கில் நிற்பதில்லை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை அடுத்தடுத்துப் போடவேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, ஓராண்டுக்குள் அதன் இரண்டாவது ஊசி, பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. இது 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்கள் சட்டம் நாய், பூனை வளர்ப்போர் அனைவர் மீதும் விதிக்கும் கடமை. எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் நாய்களிடையே ரேபிஸ் நிலையாகவே இருந்துவருவதால் இதை ஏட்டளவுச் சட்டம் என்று தள்ளிவிட முடியாது. மாகாணக் கால்நடைத் துறை இலவச முகாம்கள் நடத்துகிறது என்பதால் இந்த ஒரு ஊசிக்காவது செலவு இல்லை. மற்றவற்றுக்கும், குடற்புழு மருந்துக்கும், கருத்தடை அறுவைக்கும் தனியார் கால்நடை மருத்துவரிடம் போனால், காப்பகம் மொத்தமாகக் கேட்கும் தொகையைக் கருத்தடை ஒன்றே பல வேளைகளில் தாண்டிவிடும்.

செலவைவிடப் பெரிய சிக்கல் பார்வோ. தென்னாப்பிரிக்காவில் பலர் இதைக் 'கேட் ஃப்ளூ' என்கிறார்கள். ஆனால் பூனைகளுக்கு வரும் சளிக் காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தடுப்பூசி முடியாத குட்டியின் குடலைத் தாக்கி, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக ஓரிரு நாளிலேயே உயிரைக் கொண்டுபோகக்கூடிய வைரஸ் அது; மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெரியம்மா வீட்டுக்கு இப்படி இலவசமாக வந்த குட்டி ஐந்தாம் நாள் இறந்தது. அந்தச் சோகம் ஆறுவதற்குள், அதே முற்றத்தில், அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுவும் தங்கவில்லை. கொடுத்தவர் மீது அன்று எல்லோருக்கும் கோபம் வந்தது. ஆனால் தாய் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று வாங்கும்போது ஒருவரும் கேட்கவில்லை. இலவசமாகக் கொடுப்பவரிடம் கேள்வி கேட்பதை நாம் மரியாதைக் குறைவாக நினைக்கிறோம்.

அதோடு, எட்டு வாரக் குட்டியைப் பார்த்து அது வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தாயைப் பார்க்கலாம், தகப்பன் எந்தத் தெருவிலிருந்து வேலி தாண்டி வந்ததோ தெரியாது. குழந்தைகளோடு பழகுமா, ஒட்டு வீட்டின் மறுபக்கத்தில் கதவு சாத்தும் ஒவ்வொரு சத்தத்துக்கும் குரைக்குமா என்பதெல்லாம் ஓராண்டு கழித்துத்தான் வெளிப்படும். இன்னொன்று: கருத்தடை செய்யாத பெட்டை ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம், சினை இரண்டு மாதம்தான். இன்று இலவசமாகக் குட்டி வாங்கிய வீடு அடுத்த ஆண்டு இலவசமாகக் குட்டி கொடுக்கும் வீடாகிவிடுகிறது.

இனவிருத்தி செய்பவரிடம் வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் பெரியவர்கள் இன்றும் 'அல்சேஷன்' என்றே சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டோ, இந்த நாட்டுக்கே உரிய போர்போலோதான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கெனல் யூனியன் ஆஃப் சதர்ன் ஆப்பிரிக்கா, சுருக்கமாகக் குசா, கொடுக்கும் பதிவுச் சான்று குட்டியின் வம்சாவளியைத்தான் காட்டும். உடல்நலத்துக்கு அது உத்தரவாதம் ஆகாது. பெரிய இனங்களில் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வருவதால், பெற்ற நாய்கள் இரண்டின் எக்ஸ்ரே முடிவையும் கேட்டு வாங்கவேண்டும்; காட்ட மறுப்பவரிடம் வாங்கக்கூடாது. இணையத்தில் படம் மட்டும் காட்டி, முன்பணம், பிறகு கூண்டுக் கட்டணம், பிறகு விமானக் கட்டணம் என்று கறந்துகொண்டே போய்க் கடைசியில் நாயே வராத மோசடி இங்கே சாதாரணம். குட்டி பிறந்த இடத்துக்கு நேரில் போய்த் தாயைப் பார்க்காமல் ஒரு ராண்ட் கூடக் கொடுக்கவேண்டாம். காவலுக்கு என்று பலமான இனத்தைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் பிட்புல் நாய்கள் கடித்துக் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, அந்த இனத்தை வீட்டில் வளர்க்கத் தடை கோரிய மனுவில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அஞ்சிய பலர் தங்கள் நாய்களை எஸ்.பி.சி.ஏ.விடம் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். வாங்கும்போது அந்த நாய்களில் பெரும்பாலானவை 'வீட்டைக் காக்கும்' என்ற நம்பிக்கையில்தான் வாங்கப்பட்டிருக்கும்.

இனி, காப்பகம். எஸ்.பி.சி.ஏ. என்பது ஒரே நிறுவனம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தனித்தனி நிர்வாகம் கொண்டது. 1993ஆம் ஆண்டின் 169ஆம் எண் சட்டம் அவற்றை ஒரு தேசிய மன்றத்தின் கீழ் கட்டுப்படுத்துகிறது. நமக்கு அருகில் ஸ்பிரிங்ஃபீல்டில் டர்பன் அண்ட் கோஸ்ட் எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது, மேற்கே குளூஃப் பக்கத்தவர்களுக்கு வேறொன்று. இவற்றின் ஆய்வாளர்களுக்கு 1962ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதிகாரம் உண்டு. நாயைத் துன்பம் தரும் விதத்தில் சங்கிலியில் கட்டிப்போடுவதும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமில்லாமல் அடைத்துவைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். பகலெல்லாம் கட்டிவைத்து இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் நம் தாத்தா காலத்து முறையை இன்னும் பின்பற்றுகிறவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

எஸ்.பி.சி.ஏ.வைப் பற்றி நம்மிடையே அடிக்கடி கேட்கும் குறை, 'அங்கே நாய்களைக் கொன்றுவிடுகிறார்கள்' என்பது. கருணைக்கொலை நடப்பது உண்மை. ஆனால் அதன் காரணத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கொண்டுவரப்படும் எந்த விலங்கையும் திருப்பி அனுப்பாமல் ஏற்பது அவர்களுடைய கொள்கை. வாசலை மூடாத இடத்தில் கொட்டில்கள் நிரம்பத்தான் செய்யும். 'நாங்கள் எதையும் கொல்வதில்லை' என்று சொல்லும் காப்பகங்கள் பெரும்பாலும் இடம் நிரம்பியதும் புதிய நாயை ஏற்பதை நிறுத்திக்கொள்கின்றன. அங்கே மறுக்கப்பட்ட நாய் போய்ச் சேரும் இடம் எஸ்.பி.சி.ஏ.தான். இரண்டில் ஒன்றைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தத்தெடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால், பெரிய காப்பகத்தில் கிடைக்கும் முதல் நன்மை வளர்ந்த நாய். மூன்று வயது நாயின் உயரம், எடை, குரல், மனிதரைக் கண்டால் அது நடந்துகொள்ளும் விதம் எல்லாம் கண்முன் தெரிகிறது. காவலுக்குக் குட்டி வாங்குகிறவர் ஓராண்டு காத்திருக்கவேண்டும். வளர்ந்த நாயோ வீட்டைத் தன்னுடையது என்று உணர்ந்த சில வாரங்களில் குரைக்கத் தொடங்கிவிடும். கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் மூன்றும் வழக்கமாகத் தத்தெடுப்புக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். நாயைக் கொடுப்பதற்கு முன் ஒருவர் வீட்டுக்கு வந்து வேலி, கதவு, நிழல், நாய் படுக்கும் இடம் ஆகியவற்றைப் பார்ப்பார். நம்மில் சிலருக்கு இது அவமானமாகப் படுகிறது. என் மைத்துனர், 'பெண் கேட்டுப் போனபோதுகூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை' என்றார். ஒரு முறை கைவிடப்பட்ட நாய் மறுபடியும் வேலி தாண்டி ஓடிவிடக்கூடாது என்பதற்கான கேள்விகள் அவை.

குறைகளும் உண்டு. கொட்டிலில் பார்க்கும் நாய் வீட்டு நாய் ஆகாது. நூறு நாய்கள் குரைக்கும் இடத்தில் மூலையில் ஒடுங்கிக் கிடப்பது வீட்டில் துள்ளி விளையாடலாம். கம்பியில் பாய்ந்து நம்மை வரவேற்பது வீட்டில் சோபாவைக் கிழிக்கலாம். பெரிய காப்பகங்களில் நாய்களிடையே இருமல் பரவுவதும் சாதாரணம். பழக்கப்படுவதற்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஊழியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடுதல், மூன்று மாதத்தில் உரிமை. முதல் வாரத்திலேயே 'இது சரிப்படாது' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

இந்தக் குறையைத்தான் சிறிய மீட்புக் குழுக்கள் நன்றாக நிரப்புகின்றன. அவர்களிடம் கொட்டில் இருப்பதில்லை அல்லது மிகச் சிறியது. நாய்களைத் தன்னார்வலர் வீடுகளில் சில வாரமோ சில மாதமோ வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். எனவே, பூனையைத் துரத்துமா, குழந்தை வாலைப் பிடித்து இழுத்தால் என்ன செய்யும், இடி இடித்தால் எங்கே ஒளியும், தனியாக விட்டால் ஊளையிடுமா என்று அந்த வீட்டாரிடம் கேட்கலாம். பார்த்ததை வைத்துப் பதில் சொல்வார்கள். என் அளவுகோலின்படி நான்கு வழிகளில் இதுவே முதலிடம் பெறுகிறது. ஆனால் எல்லாக் குழுக்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நாய்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் பொருத்தமான ஒன்றுக்குக் காத்திருக்க நேரும். நல்ல மனம் இருந்தும் ஒழுங்கான பதிவேடு இல்லாத குழுக்கள் உண்டு. நாங்கள் அணுகிய ஒரு குழு, 'கருத்தடை பிறகு நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்று சொல்லி நாயைக் கையில் கொடுக்கத் தயாராக இருந்தது. அங்கிருந்து நாங்கள் திரும்பிவிட்டோம். இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு எண் இருக்கிறதா, கால்நடை மருத்துவரின் முத்திரையோடு தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறதா, ஒத்துவராவிட்டால் நாயைத் திரும்ப ஏற்பார்களா என்ற மூன்றையும் கேட்டாலே பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

எங்கிருந்து வந்த நாயானாலும் இரண்டு விஷயங்களில் வேறுபாடு இல்லை. ஒன்று, உண்ணிக் கடியால் வரும் பிலியரி என்ற இரத்த நோய். தென்னாப்பிரிக்காவில் நாய்களைத் தாக்கும் பிலியரிக் கிருமி உலகின் மற்றப் பகுதிகளில் உள்ளதைவிடக் கொடியது. நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் காலை வரை காத்திருக்கக்கூடாது. மற்றொன்று உணவு. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியின் மிச்சத்தைத் தட்டோடு வைக்கும் நம் பழக்கம் இரண்டையும் ஒருசேரச் செய்கிறது. புரட்டாசியில் வீட்டில் கவிச்சி சேராத ஒரு மாதம்தான் எங்கள் பழைய நாய் வயிற்றுக் கோளாறில்லாமல் இருந்தது என்பதை நான் மிகத் தாமதமாகக் கவனித்தேன்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் நாயைப் பார்க்கப் போவதற்கு முன் கட்டட நிர்வாகத்தைக் கவனிக்கும் அறங்காவலர்களின் எழுத்துவழி ஒப்புதலைப் பெறவேண்டும். செக்‌ஷனல் டைட்டில் (வீடு வீடாகத் தனி உரிமையுள்ள அடுக்ககம்) கட்டடங்களுக்கான 2016ஆம் ஆண்டின் மாதிரி நடத்தை விதிகளின்படி, அவர்கள் நியாயமான காரணமின்றி அதை மறுக்க முடியாது. இடம் மிகக் குறைவு என்றால் வளர்ந்த பூனை ஒன்றைத் தத்தெடுப்பது மேல். காப்பகங்களில் அவற்றைத் தேடி வருபவர்களும் குறைவு.

தத்தெடுப்பதற்கான நேரத்தைப் பற்றி ஒரு சொல். தீபாவளி, கை ஃபாக்ஸ் இரவு (நவம்பர் 5), புத்தாண்டு ஆகிய நாள்களின் வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடும் நாய்களால் காப்பகங்கள் நிரம்புவதால், அதை அடுத்த வாரங்களில் உரியவர் தேடிவராத நல்ல வீட்டு நாய்கள் அங்கே கிடைக்கும். அதே காரணத்துக்காக, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிய நாயைக் கொண்டுவருவது சரியல்ல. வீடு பழகாத நாய் முதல் வெடிக்கே ஓடிவிடும்.

எங்கள் வீட்டில் என் அம்மா குட்டிதான் வேண்டும் என்று கடைசி வரை நின்றார். குட்டியாக வந்தால்தான் நாய் நம்முடையதாகும் என்பது அவருடைய எண்ணம். ஒரு தன்னார்வலர் வீட்டு முற்றத்தில் நான்கு வயதுக் கலப்பினப் பெட்டை ஒன்று, எங்கள் எல்லோரையும் தாண்டி வந்து, அம்மாவின் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. திரும்பி வரும்போது காரில் அவர் குட்டியைப் பற்றிப் பேசவில்லை. வீட்டைப் பார்க்க வந்தவர், பின்பக்க வேலிக்குக் கீழே நாய் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருப்பதைக் காட்டி, அதை அடைத்தபின் அழைக்கச் சொன்னார். தீபாவளி முடிந்த சனிக்கிழமை, என் மைத்துனர் சிமெண்டு மூட்டையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.