பௌல்டர்ஸ் பீச்சில் பெங்குவின் பார்க்கப் போகிறீர்களா? டிக்கெட்டை நீங்களே கவுன்டரில் வாங்குங்கள்

போன டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போயிருந்தோம். எங்களை வேனில் கூட்டிப்போனவர்கள் பெங்குவின் பார்க்க நுழைவுக் கட்டணம் என்று பணம் வாங்கிக்கொண்டு, கட்டணமே இல்லாத ஒரு பாதையில் எங்களை நிறுத்தி, இதுதான் பௌல்டர்ஸ் பீச் என்று சொல்லித் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். ஏமாந்தோம் என்பதே எங்களுக்கு ராத்திரிதான் தெரிந்தது. அரையாண்டு விடுமுறைக்கு அங்கே போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இதைப் படித்துவிடுங்கள்.

என் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. சிவகங்கைப் பக்கம். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டார்கள். அதற்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவர் அவர். பறவை என்றால் சாப்பாடு மறந்துவிடும். வேலை விஷயமாக நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பதால், அவரைக் கூட்டிவந்து ஒரு முறையாவது பெங்குவினைக் காட்டிவிட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை.

தங்கியிருந்த இடத்தின் வரவேற்பறையில் ஓர் அட்டை கிடந்தது. ஒரு நாள் வேன் பயணம்: சாப்மன்ஸ் பீக் மலைச்சாலை, நன்னம்பிக்கை முனை, கடைசியாகப் பெங்குவின் கடற்கரை. "மணலில் பெங்குவின்களோடு ஒரு மணி நேரம்" என்று அதில் அச்சடித்திருந்தது. வாட்ஸ்அப்பில் பேசினேன், முன்பணம் அனுப்பினேன். நுழைவுக் கட்டணம் மட்டும் தனி, வண்டியில் பணமாகக் கொடுத்தால் போதும் என்றார்கள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. மதியத்துக்கு மேல் ஒரு கலைப்பொருள் கடையில் முக்கால் மணி நேரம், அப்புறம் இன்னொரு கடையில் அரை மணி நேரம். நாங்கள் எதுவும் வாங்கவில்லை. பெங்குவின் கடற்கரை இருக்கும் சைமன்ஸ் டவுன் போய்ச் சேர்ந்தபோது நாலே முக்கால். இறங்குவதற்கு முன்பே கைடு, "கவுன்டரில் நீண்ட வரிசை, வெயிலில் நிற்க வேண்டாம், பணத்தைக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நாலு பேருக்கு 1,200 ராண்ட். கையில் வயதானவரும் குழந்தையும் இருக்கும்போது இப்படி ஒருவர் சொன்னால் உதவியாகத்தான் தெரியும். கொடுத்தேன். டிக்கெட் எங்கே என்று கேட்டதற்கு, குழு டிக்கெட், தன்னிடமே இருக்கும் என்றார்.

அவர் எங்களைக் கூட்டிப்போனது புதர்களுக்கு நடுவே போகும் ஒரு நடைபாதை. ஒரு பக்கம் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், புதருக்கடியில் அங்கங்கே ஒன்றிரண்டு பெங்குவின்கள். பெரும்பாலும் முதுகுதான் தெரிந்தது. கடல் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக எட்டிப் பார்த்தது. மணலில் போய் நிற்பது எப்போது என்று கேட்டோம். இன்று கூட்டம் அதிகம், அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள் என்றார். பதினைந்து நிமிடம்தான், கிளம்பலாம் என்று கையைத் தட்டினார்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நடந்த ஒன்றுதான் பணம் போனதைவிட எனக்கு வலித்தது. வேலிக்கு இந்தப் பக்கம், பாதையோரத்தில் ஒரு பெங்குவின் தனியாக நின்றிருந்தது. பாதி உடம்பு வழவழப்பாக, மீதிப் பாதியில் பழைய இறகுகள் கிழிந்த தலையணையிலிருந்து பஞ்சு பிதுங்குவது போலப் பிதுங்கிக்கொண்டிருந்தன. காலைச் சுற்றிலும் உதிர்ந்த இறகு. கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு அசையாமல் நின்றது. எங்கள் வேனில் வந்த ஒருவர் படம் கேட்டார் என்று, கைடு காலால் தரையைத் தட்டித் தட்டி அதை வெளிச்சத்துக்கு விரட்டினார். அது தத்தித் தத்தி நாலடி நகர்ந்து, வேலியில் முட்டி நின்றது. "அதுக்கு உடம்பு சரியில்லம்மா, விடச் சொல்லு" என்று அப்பா என் கையைப் பிடித்தார். நான் சத்தம் போட்ட பிறகுதான் அந்த ஆள் நிறுத்தினார்.

அது நோய் இல்லை, இறகு உதிர்ப்பு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆப்பிரிக்கப் பெங்குவின் வருடத்துக்கு ஒரு முறை மொத்த இறகையும் உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரை உடம்பில் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் கடலில் இறங்க முடியாது. இறங்க முடியாது என்றால் மீன் கிடையாது. முன்கூட்டியே தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் அத்தனை நாளும் பட்டினியாக நிற்கிறது. நாலடி ஓட வைத்தாலும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. இந்த இனத்தில் இனப்பெருக்கம் செய்யும் சோடிகள் உலகத்திலேயே பத்தாயிரத்துக்கும் குறைவு. 2024-இல் மிக அருகிய இனம் என்ற பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியும் நெத்திலியும் கிடைக்காமல் போனது பெரிய காரணம். அப்படிப்பட்ட பறவையை ஒரு படத்துக்காக விரட்டுகிறார்கள்.

ராத்திரி விடுதிக்காரம்மாவிடம் படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஃபாக்ஸி பீச் போகவே இல்லையா?" என்றார். பௌல்டர்ஸில் டிக்கெட் வாங்கிப் பெங்குவின் பார்க்கும் பகுதி அதுதான். நாங்கள் நின்றது வில்லிஸ் வாக் என்ற பாதை. பௌல்டர்ஸின் இரண்டு நுழைவாயில்களுக்கும் நடுவே, வேலிக்கு வெளியே போகிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் நடக்கலாம். அப்பா அந்த நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பரவாயில்லை, பார்த்தாச்சுல்ல" என்று காலையில் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேன் பயண நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கைடு தனி ஆள், அவர் வாங்கிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். டிக்கெட்டின் படத்தை அனுப்புங்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு நாளில் என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். என் கையில் ரசீதும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. பணம் இன்றுவரை வரவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், வாடகைக் கார் பிடித்து நாங்களே மறுபடி போனோம். கேப் டவுனிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இந்த இடம் டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவில் சேர்ந்தது. கட்டணம் வாங்குவது பூங்கா நிர்வாகம்தான், கவுன்டரில், கையில் டிக்கெட் கொடுத்து. வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. அப்படியும் அந்த ஆள் வாங்கிய தொகை ஆகவில்லை. வரிசை இருந்தது, இருபது நிமிடம் நின்றோம், அவ்வளவுதான்.

உள்ளே இரண்டு பகுதி, ஒரே டிக்கெட். ஃபாக்ஸி பீச்சில் மரப்பலகைப் பாதை மணலுக்கு மேலேயே போகிறது. நாம் மணலில் இறங்கக் கூடாது, ஆனால் பெங்குவின் குடியிருப்பு முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கழுதை கத்துவது போலவே கத்துகின்றன. வயிற்றில் படுத்து அலையிலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து, எழுந்து, உதறிவிட்டு நடக்கின்றன. கண்ணுக்கு மேல் இளஞ்சிவப்புத் திட்டு, வெயில் ஏற ஏற நிறம் கூடுகிறது. 1982-இல் இரண்டே சோடிகளாக இங்கே வந்து கூடு கட்ட ஆரம்பித்தவை இவை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பலகைக் கைப்பிடியைப் பிடித்தபடி ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார்.

இன்னொரு பகுதிதான் குளிக்கிற கடற்கரை. பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே மணல், குளிர்ந்த தண்ணீர். சில சமயம் பெங்குவின் நம் பக்கத்திலேயே நடந்து போகும். அது வந்தால் நாம் அசையாமல் இருக்க வேண்டும், நாம் கிட்டே போகக் கூடாது. தொடுவது, தீனி போடுவது இரண்டும் கூடாது. அலகு கத்தி மாதிரி, குழந்தைகளின் விரல் பத்திரம். ஆக, "மணலில் பெங்குவின்களோடு ஒரு மணி நேரம்" என்று யாராவது உறுதி கொடுத்தால், அது அவர்கள் கையில் இல்லாத ஒன்றை விற்பது.

பேக்கேஜில்தான் போவீர்கள் என்றால் முன்பணம் அனுப்புவதற்கு முன் ஃபாக்ஸி பீச் உள்ளே போவோமா, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தை வண்டியில் கொடுக்காதீர்கள். கவுன்டரில் நீங்களே நில்லுங்கள்.

கிளம்பும்போது காரைக் கிளப்பப் போன டிரைவரை அப்பா நிறுத்தினார். வண்டிக்கடியில் பெங்குவின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லி அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார், நாலு சக்கரத்துக்கும் பின்னால் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, எடுங்க தம்பி" என்று தமிழிலேயே சொன்னார். டிரைவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.