மறுசுழற்சிச் சேவை: வண்டி சரி, விளக்கம்தான் போதாது

ஆறு மாதமாக இந்தச் சேவைதான். வண்டி தவறாமல் வருகிறது, அதில் குறையில்லை. பிரிக்கும் கூடத்தை ஒருநாள் சுற்றிக் காட்டினார்கள், அதற்கே தனி மதிப்பெண் தரலாம். இரும்பு டப்பாவைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது, காந்தத்துக்கு மசியாத அலுமினிய கேனைச் சுழல் மின்னோட்டம் (வேகமாகச் சுழலும் காந்தம் உலோகத்துக்குள் தூண்டிவிடும் மின்சாரம்) எகிற வைக்கிறது, அப்புறம் பிளாஸ்டிக்கை அகச்சிவப்புக் கதிர் வகைவாரியாக அடையாளம் காண, காற்று ஊதி அந்தந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. ஆனால் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு பெரும்பாலும் தப்பிக் குப்பைக்கே போய்விடுமாம், அதிலுள்ள கரிச்சாயம் கதிரை விழுங்கிவிடுவதால். இத்தனை நாள் அதைக் கழுவிக் கழுவிப் போட்டேனே! பாலித்தீன் பை உருளைகளில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தையே நிறுத்தி, ஆள் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே தொட்டி மூடியில் ஒட்டியிருக்கக் கூடாதா? ஐந்துக்கு மூன்றரை.