‘எல்லாம் மாத்தியாச்சு’ என்ற சொல்லை நம்பி 900 ரிங்கிட் கொடுத்த கதை

கோலாலம்பூரில் பழைய வால்வு (கண்ணாடிக் குழாய்) டிரான்ஸ்மிட்டரை, அதாவது வானொலி அலைகளை அனுப்பும் கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்க எண்ணுபவர்கள், எனக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டுக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெரியப்பா விட்டுச்சென்ற, 6146 வால்வு பொருத்திய 1950களின் அமெரிக்க டிரான்ஸ்மிட்டர் ஒன்று செந்தூலில் எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தனை நாள் மின்சாரமே காணாத எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களின் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உதிரிகள்) உள்ளே மின்சாரத்தைத் தடுக்கும் ஆக்சைடு படலம் சிதைந்திருக்கும், மெழுகுக் காகித கெப்பாசிட்டர்கள் ஈரம் இழுத்து மின்சாரத்தைக் கசியவிடும் என்பது தெரிந்ததால், நேரே பிளக்கைச் செருகாமல் புடு வட்டாரத்தில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்தேன். கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் மாற்ற 900 ரிங்கிட் என்று பேச்சு. மூன்று வாரம் கழித்து, “அண்ணே, ஒன்னு விடாம எல்லாம் மாத்தியாச்சு, தைரியமா போடுங்க” என்றார். கழற்றிய பழையவற்றைக் கேட்டதற்குக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நம் 240 வோல்ட்டைப் பாதியாக்கும் டிரான்ஸ்பார்மர் வழியாக இணைத்துப் போட்ட பத்தாவது நிமிடம், உறுமல் கூடி, பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். அறை முழுக்கப் புகை.

உயர் மின்னழுத்தப் பகுதியில் எஞ்சிய மின்னூட்டத்தை இறக்கிய பிறகு அடிப்பலகையைத் திறந்தேன். 600 வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டிய இடத்தில், ‘450 வோல்ட்’ என்று அச்சிட்ட இரண்டு கெப்பாசிட்டர்கள் தொடராக இருந்தன; ஒன்று வெடித்திருந்தது. வெடிக்காததன் நீல உறையைப் பிளேடால் கீறினால், அடியில் இன்னொரு கறுப்பு உறை. அதில் 250 வோல்ட் என்று இருந்தது. இரண்டும் மின்னழுத்தத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதற்காகக் குறுக்கே இருக்க வேண்டிய ரெசிஸ்டர்களையும் காணோம். ஒரு ரிங்கிட்கூடப் பெறாத உதிரி அது!

காகித கெப்பாசிட்டர்கள் மாற்றப்படவே இல்லை. மெழுகைத் துடைத்து மஞ்சள் உறை போர்த்தியிருந்தார். ஈயப்பற்றின் மேல் பழைய தூசி அப்படியே ஒட்டியிருந்தது. ஒன்றைக் கழற்றி, ஒரு முனையில் 200 வோல்ட் கொடுத்து மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பூஜ்யத்துக்கு இறங்க வேண்டிய முள் 70இல் நின்றது. இந்தக் கசிவு அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) போனால் வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துக் கெட்டுப்போகும்.

என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது வேறொன்று. மின்கம்பிக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே, பாதுகாப்புக்கென்றே செய்யப்படும் ஒய் வகை கெப்பாசிட்டருக்குப் பதிலாகச் சாதாரண கெப்பாசிட்டரை வைத்திருந்தார். அது ஷார்ட் ஆகியிருந்தால் பெட்டியைத் தொட்ட கை என்னவாகியிருக்கும்? போதாக்குறைக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 10 ஆம்பியர். கெப்பாசிட்டர் வெடித்தும் ஃபியூஸ் அறுந்து காப்பாற்றாமல், பவர் டிரான்ஸ்பார்மரும் கருகியது.

தொலைபேசியில் கேட்டபோது, “பழைய சாமான்னா அப்படித்தான் அண்ணே” என்று கூறி, 100 ரிங்கிட் திருப்பித் தருவதாகச் சொன்னார். டிரான்ஸ்பார்மருக்கு மறுபடி கம்பி சுற்றவே 650 ரிங்கிட் கேட்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன்பு அடிப்பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வோர் உதிரியும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். நான் இப்போது ஜாலான் பாசாரில் கெப்பாசிட்டர்களை நானே பொறுக்கி வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன். இன்னும் பதினொன்று பாக்கி.