சிக்கல் இடுப்பில் இல்லை, அடி ஓரத்தில் இருக்கிறது: குழந்தை கவுனுக்கு மூன்று பாவாடை வெட்டுகள்

வீட்டில் கவுன் தைக்க உட்காருகிறவர்களுக்கு மேல்பாகம் எப்படியும் வந்துவிடும். அளவாக இருக்கும் பழைய கவுனை விரித்துவைத்துப் படியெடுத்தால் போதும். குழப்பம் அதற்குக் கீழேதான். செவ்வகத் துணியைச் சுருக்கிப் பொருத்துவதா, முழுவட்டக் குடை வெட்டா, அரைவட்டமா? வட்டத்தின் கணக்கைக் கண்டு மிரண்டு பலரும் செவ்வகத்தின் பக்கம் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு இரண்டு நிமிட வேலை. பிறகு ஒரு மாலைப் பொழுதை முழுதாகத் தின்பது அடி ஓரம்.

மூன்றையும் ஒரே அளவில் நிறுத்திப் பார்ப்போம். சுமார் 5 வயதுக் குழந்தை: இடுப்புச் சுற்று 54 செ.மீ., பாவாடையின் உயரம் 35 செ.மீ. துணியின் பன்னா (அகலம்) 110 செ.மீ. தையலுக்கு 1 செ.மீ.

செவ்வகத்துக்கு வரைபடமே வேண்டாம். பன்னா முழுவதையும் எடுத்துக்கொண்டால், முதுகுத் தையலுக்கு இரு பக்கமும் போக 108 செ.மீ. நிற்கும், இடுப்பைப் போல் சரியாக இரண்டு மடங்கு. உயரம் 35, இடுப்புத் தையல் 1, அடி மடிப்புக்குத் தாராளமாக 6. ஆக 42 செ.மீ. துணியில் வேலை முடிகிறது. மிஷினில் தையல் நீளத்தை 4 அல்லது 5 மி.மீ. வைத்து, இரண்டு வரிசை ஓட்டி, பாபின் நூலை இழுத்தால் சுருக்கு விழும். மேல்பாகத்தையும் பாவாடையையும் நான்காகக் குறித்து, குறிக்குக் குறி குண்டூசி குத்திவிட்டுச் சுருக்கைப் பரப்புங்கள். இதைச் சோம்பலில் விட்டால் வயிற்றில் சுருக்கெல்லாம் குவிந்து முதுகு மொட்டையாக நிற்கும். மெல்லிய பருத்திக்கு இது அழகு. கனமான துணியில் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் உள்ளே தடித்துக்கொள்ளும். குழந்தை சொறிந்துகொண்டே இருக்கும்.

முழுவட்டத்தில் இடுப்பில் சுருக்கே கிடையாது. 54-ஐ 6.28-ஆல் வகுத்தால் ஆரம் 8.6 செ.மீ. துணியை நான்காக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து நாடாவைச் சுழற்றிக் குறிக்க வேண்டும். ஆனால் வெட்ட வேண்டிய இடம் 8.6 இல்லை, 7.6. தையல் விளிம்பை உள்பக்கமாகத்தான் விட வேண்டும். 8.6-இலேயே வெட்டிவிட்டு அதற்குக் கீழே தைத்தால் இடுப்பு 6 செ.மீ.க்கு மேல் பெரிதாகிவிடும். சந்தேகமாக இருந்தால் சிறிதாகவே வெட்டுங்கள். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க வழியில்லை. சுற்றினால் குடையாக விரியும் பாவாடை இதுதான், அதில் மறுபேச்சில்லை. அதற்கு விலையாக 90 செ.மீ. துணி போகும், அடிச் சுற்று 274 செ.மீ. வரும்.

நான் முதலில் தைத்த குடைப் பாவாடைக்கு அன்றிரவே அடி மடித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நான்கு இடங்களில் விரலகலம் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்து, "இதற்கு நாலு வால் இருக்கிறது" என்றாள். பாவு நூலும் (நெடுக்கு) ஊடு நூலும் (குறுக்கு) நேராக இல்லாமல் கிராஸாக, அதாவது மூலைவாட்டில், விழுகிற இடங்கள் முழுவட்டத்தில் நான்கு. அங்கே துணி தன் எடையாலேயே இழுபடும். இடுப்பைத் தைத்து ஒரு நாளாவது தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்து ஓரத்தைச் சமன்செய்த பிறகே மடிக்க வேண்டும்.

மடிப்பதிலும் வம்பு உண்டு. செவ்வகத்தில் எவ்வளவு மடித்தாலும் மேல் கீழ் அளவு ஒன்றுதான். வட்டத்தில் 5 செ.மீ. மடித்துப் பாருங்கள்: மடித்த விளிம்பு போய்ப் படிகிற இடத்தைவிட 63 செ.மீ. நீளமாக இருக்கும். அந்த உபரியை எங்கே ஒளிப்பது? எனவே 1 செ.மீ. மடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அதாவது அடுத்த ஆண்டு பிரித்து இறக்குவதற்கு உள்ளே எதுவுமே இருக்காது. செவ்வகத்தின் 6 செ.மீ. மடிப்போ இரண்டு வருடம்கூட ஈடுகொடுக்கும். அதற்குள் மார்புப் பகுதிதான் முதலில் இறுகும்.

அரைவட்டத்தை யாரும் ஏனோ கண்டுகொள்வதில்லை. 54-ஐ 3.14-ஆல் வகுத்தால் 17.2, வெட்டுவது 16.2-இல். வெளி ஆரம் 53.2 என்பதால் 110 பன்னாவின் குறுக்கே அப்படியே பொருந்துகிறது. நேர் விளிம்பில் தையலுக்கு விடுவதையும் சேர்த்து 55 செ.மீ. துணி போதும். முழுவட்டத்துக்கு ஆவதில் முக்கால் பங்குகூட இல்லை. அடிச் சுற்று 164 செ.மீ.; கிராஸாகத் தொங்கும் இடங்கள் இரண்டே. நேர் விளிம்புகள் முதுகில் சேர்வதால் ஜிப் வைக்கவும் இழுபடாத துணி கிடைக்கிறது. கனத் துணிக்கு என் தேர்வு இதுதான். அடி மடிப்பை இறக்க முடியாத குறை இதிலும் உண்டு. ஆனால் அடியில் கிராஸ் பட்டி (மூலைவாட்டில் வெட்டிய துணிப்பட்டை) கொடுத்து நீட்டும்போது 164 செ.மீ. பட்டியோடு தப்பிக்கலாம்.

கடைசியாக, வெட்டும் முன் துணியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். யானையும் வீடும் வரிசையாக நிற்கிற துணியை ஒரே துண்டாக முழுவட்டம் வெட்டினால் முன்னால் நிமிர்ந்து நிற்கிற யானை முதுகுப்பக்கம் தலைகீழாகத் தொங்கும். அரைவட்டத்தில் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். கட்டமும் கோடும் இப்படித்தான் திசைமாறும். அப்படிப்பட்ட துணிக்குச் செவ்வகத்தைத் தவிர வேறெதையும் நான் யோசிப்பதில்லை. பொடிப் பூக்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை.