செயின்ட் ஆண்ட்ரூஸ்: முதலில் கோட்டைச் சுரங்கம், பிறகு பேராலயம்

ஸ்காட்லாந்தின் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் கிடையாது. 1969-லேயே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். எடின்பரோவிலிருந்து வருபவர்கள் பக்கத்து ரயில் நிலையமான லூக்கர்ஸில் இறங்கி 99-ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குள் நடந்தே சுற்றிவிடலாம்.

பலரும் நேராகப் பேராலயத்துக்குப் போகிறார்கள். காலையில் கோட்டை திறந்ததும் அங்கே போவதுதான் சரி. காரணம், அதன் சுரங்கம். கூட்டம் சேர்ந்துவிட்டால் எதிரே வருபவருக்கு ஒதுங்கக்கூட உள்ளே இடமிருக்காது.

1546-ல் இந்த ஊரின் கத்தோலிக்கப் பேராயரான கார்டினல் பீட்டனைக் கொன்ற புராட்டஸ்டண்டுகள் கோட்டைக்குள்ளேயே தங்கிவிட்டார்கள். மதிலைச் சரிக்க, குழந்தை அரசிக்காக நாட்டை ஆண்ட ரீஜண்ட் ஆரனின் படை வெளியிலிருந்து பாறையைக் குடைந்தது. உள்ளிருந்தவர்கள் அந்தச் சத்தம் வரும் திசையை ஊகித்து எதிர்ச்சுரங்கம் வெட்டி, அதை வழிமறித்தார்கள். இரண்டுக்குள்ளும் இன்றும் போகலாம். முதலில் வருவது எதிர்ச்சுரங்கம். அவசரத்தில் வெட்டியதென்று பார்த்ததுமே தெரியும்: குறுகல், வளைவு, குனிந்தே போகவேண்டிய உயரம். திசை தப்பியதால் பாதியில் விட்ட குழியும் கண்ணில் படும். அது உடைத்துக்கொண்டு சேரும் இடத்தில் ஏணியில் இறங்கினால், முற்றுகைப் படையின் சுரங்கம். அங்கே நிமிர்ந்து நிற்கலாம். நேரம் கையிலிருந்தவர்களின் வேலைக்கும் உயிர்ப்பயத்தில் வெட்டியவர்களின் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் இடம் அபூர்வம். தரை ஈரம், வழுக்கும். பிடிப்புள்ள ஷூ அவசியம். முதுகுப்பை சுவரில் உரசும். மூட்டுவலி, மூச்சுமுட்டல் உள்ளவர்கள் தவிர்க்கலாம். கடல் கோபுரத்திலுள்ள பாட்டில் வடிவப் பாதாளச் சிறையை மேலிருந்து எட்டிப் பார்க்கத் தவறாதீர்கள். பீட்டனின் உடலை அதில்தான் போட்டு வைத்திருந்தார்கள்.

பேராலயம் அங்கிருந்து சில நிமிட நடை. 1318-ல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ப்பணித்த இது, ஸ்காட்லாந்திலேயே மிகப் பெரிய தேவாலயமாக இருந்தது. இன்று கிழக்கிலும் மேற்கிலும் முகப்புச் சுவர்கள், தெற்கே ஒரு பக்கச் சுவர், மீதி புல்வெளி. 1559 மதச் சீர்திருத்தக் கலவரத்துக்குப் பின் கைவிடப்பட்டதால் கல்லெல்லாம் ஊர் வீடுகளுக்குப் போய்விட்டது. மேற்கு முனையில் நின்று கிழக்கே பார்த்தால்தான் அதன் நீளம் பிடிபடும். பக்கத்திலுள்ள செயின்ட் ரூல் கோபுரம் 33 மீட்டர். படிக்கட்டு ஒடுக்கமான சுழல். பராமரிப்புக்காக மூடியிருக்கக்கூடும், முன்கூட்டியே இந்த இடங்களைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கோடையில்கூட ஹார் எனப்படும் கடல்மூடுபனி இறங்கினால் உச்சியில் ஒன்றும் தெரியாது. அது விலகும்வரை சவுத் ஸ்ட்ரீட் வழியாக, 1589-ல் கட்டிய வெஸ்ட் போர்ட் வாசல்வரை நடந்து வரலாம்.