அபராத நோட்டீஸில் எழுத்துப் பிழை இருந்தால் செல்லாது என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

போக்குவரத்து அபராத நோட்டீஸில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலே மொத்த நோட்டீஸும் செல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிக் கட்டணம் கேட்கிறவரை அறவே நம்பாதீர்கள். நான் நம்பினேன். கடைசியில் அசல் அபராதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவானது. அதுவும் என் வண்டி செய்யாத தப்புக்கு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதாகத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. சம்பவம் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தச் சாலையில் நான் தினமும் போகிறவன். அன்றைக்கு அந்த நேரத்தில் விளக்கு என்ன நிறத்தில் இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? அவசரத்தில் போயிருப்பேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நோட்டீஸைப் படித்தபோது மூன்று பிழைகள் கண்ணில் பட்டன. என் பெயரின் முன்னெழுத்து தப்பு. தெருப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போயிருந்தது. வண்டியின் நிறம் வெள்ளை என்று இருந்தது, என்னுடையது கருநீலம்.

வண்டிப் பத்திர வேலைகள் செய்து தரும் ஆலோசகர் ஒருவரிடம் தெரிந்தவர் அனுப்பி வைத்தார். அவர் நோட்டீஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சார், மூணு தப்பு இருக்கு. ஒண்ணு போதும், இது நிக்காது. நீங்க எதுவும் எழுத வேண்டாம், பதில் போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். அபராதத் தொகையில் பாதியைக் கட்டணமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு வேலை முடியட்டும் என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

அவர் செய்ததெல்லாம் ஒரே ஒரு கடிதம். எல்லோருக்கும் அனுப்பும் அச்சுக் கடிதம் அது. என் பெயரையும் நோட்டீஸ் எண்ணையும் மட்டும் மாற்றியிருந்தார். "மேற்படி எழுத்துப் பிழைகள் காரணமாக இந்த நோட்டீஸ் சட்டப்படி செல்லாது" என்பதுதான் சாரம். கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது அது போயிருக்கிறது. பதிலும் இரண்டு வரிதான்: பெயரும் முகவரியும் திருத்தப்பட்டன, அபராதத்தில் மாற்றம் இல்லை. அந்தப் பதில் ஆலோசகரின் முகவரிக்குப் போனது. அவர் என்னிடம் சொல்லவில்லை. கெடு தாண்டியதால் தொகை கூடியது. வண்டியின் ஆவணத்தைப் புதுப்பிக்கப் போனபோது, நிலுவை இருக்கிறது, கட்டாமல் நகராது என்றார்கள். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. வேறு வழியில்லாமல் அங்கேயே கட்டிவிட்டேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது.

கட்டிய ரசீதைப் பதிவிறக்கும்போது அதே பக்கத்தில் 'படத்தைப் பார்க்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அது முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது. நோட்டீஸின் கீழேயும் அச்சிட்டிருக்கிறார்கள். நானும் பார்க்கவில்லை, பணம் வாங்கியவரும் பார்க்கவில்லை. திறந்தால், படத்தில் ஒரு வெள்ளை வேன். என் கார் இல்லை. நம்பர் பிளேட்டை இறுக்கியிருந்த ஒரு போல்ட், கடைசி எண்ணான 3-இன் திறந்த பக்கத்தை மூடியிருந்தது. கேமரா அதை 8 என்று படித்திருக்கிறது. 8-இல் முடியும் எண் என்னுடையது.

நோட்டீஸில் வெள்ளை என்று எழுதியது பிழையே இல்லை. படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். "இது உன் வண்டி இல்லை" என்று அந்த நோட்டீஸே எனக்குச் சொல்லியிருக்கிறது. அதை மற்ற இரண்டு எழுத்துப் பிழைகளோடு மூன்றாவதாகச் சேர்த்து ஆலோசகர் கடிதம் போட்டார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

படத்தோடு மனு கொடுத்தேன். பணம் கட்டியாகிவிட்டது, ஒப்புக்கொண்டதாகக் கருதிக் கணக்கை முடித்துவிட்டோம் என்று பதில் வந்தது. பெரும்பாலான இடங்களில் இதுதான் விதி: கட்டினால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஆலோசகரை அழைத்தால், "நான் கடிதம் போட்டேனே சார், அதுக்குத்தானே பணம்" என்றார். இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.

அப்புறம் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். பிழை இருந்தாலே செல்லாது என்ற பேச்சு பல நாடுகளில் உலவுகிறது. சட்டம் பெரும்பாலும் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் 1980-ஆம் ஆண்டு மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டம், 123-ஆம் பிரிவில், சம்மனில் குறை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆட்சேபிக்க முடியாது என்கிறது. அந்தக் குறையால் ஒருவர் உண்மையிலேயே குழம்பியிருந்தால், அவர் கேட்கும்போது வழக்கைத் தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவின் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 215-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதையே சொன்னது: குற்றச்சாட்டில் உள்ள பிழை ஒருவரைத் தவறாக வழிநடத்தி, அதனால் நீதி தவறியிருந்தால்தான் அது பெரிய பிழை. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது.

ஆக, நோட்டீஸில் தப்பு இருக்கிறதா என்று கேட்பது போதாது. அந்தத் தப்பு, 'இது நான் இல்லை, இது என் வண்டி இல்லை, அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை' என்பதில் ஏதாவது ஒன்றைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னெழுத்துத் தப்பு எதையும் காட்டாது. திருத்திவிட்டு மறுபடி அனுப்புவார்கள். வண்டியின் நிறம், வகை, எண்ணில் ஓர் இலக்கம், தேதி, நேரம், சாலை எந்தப் பக்கம் என்பதெல்லாம் காட்டும். என் நோட்டீஸில் இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்தன.

பெரிய அமைப்புகளே எப்படித் தடுமாறுகின்றன என்பதற்கு ஓர் உதாரணம் அயர்லாந்தில் இருக்கிறது. 'பிராவோ யாஸ்டி' என்ற ஓட்டுநர் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட முகவரிகளோடு காவல்துறைப் பதிவுகளில் இருந்தார். போலிஷ் மொழியில் அதற்கு 'ஓட்டுநர் உரிமம்' என்று பொருள். உரிமத்தின் தலைப்பைப் பெயர் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். 2009-இல் இது வெளியே தெரிந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் 2021-இல் நடந்தது என் கதைக்கு இன்னும் நெருக்கம். பேருந்துகள் மட்டும் போக வேண்டிய தடத்தில் நடந்து போன ஒரு பெண்ணின் ஆடையில் 'நிட்டர்' (KNITTER) என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. கைப்பை வார் குறுக்கே கிடந்ததால் கேமரா அதை ஒரு காரின் எண்ணாகப் படித்து, எங்கோ தொலைவில் இருந்த உரிமையாளருக்கு அபராதம் அனுப்பிவிட்டது. அந்த உரிமையாளர் பணம் கட்டவில்லை, படத்தைப் பார்த்தார். நிர்வாகத்திடம் சொன்னதும் ரத்தானது.

நீங்களும் முதலில் படத்தைப் பாருங்கள். நோட்டீஸ் வந்த அன்றே பாருங்கள். பார்த்ததும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். போலி அபராதச் செய்திகள் நிறைய வருகின்றன. அதிகாரபூர்வ முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டி இல்லை என்றால் பதிவுச் சான்றின் நகல், உங்கள் வண்டியை முன்னாலும் பின்னாலும் எடுத்த படங்கள், கேமராப் படம் ஆகியவற்றை இணைத்து, வேறுபாட்டை நாலு வரியில் எழுதிக் கெடுவுக்குள் நீங்களே அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றி அதில் பேசவே வேண்டாம். படிப்பவரின் கவனம் அங்கே போய்விடும். அனுப்பியதற்கான சான்றை வாங்குங்கள். பதில் வரும் முகவரி உங்களுடையதாக இருக்கட்டும், இடையில் யாருடையதும் வேண்டாம். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள், ஆனால் கெடுத் தேதி மனு கொடுத்ததால் நிற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதான் என்றால், பெயரில் எத்தனை பிழை இருந்தாலும் கெடுவுக்குள் கட்டிவிடுவதுதான் நல்லது.

அந்த வெள்ளை வேன் இன்னும் அதே சாலையில்தான் ஓடுகிறது. நாலு மாதம் கழித்து எனக்கு இரண்டாவது நோட்டீஸ் வந்தது. அதே போல்ட், அதே 8. இந்த முறை அன்று மாலையே மேலே சொன்னவற்றை நானே அனுப்பினேன். ஒன்பது நாளில் ரத்து என்று பதில் வந்துவிட்டது. அந்த ரத்துக் கடிதத்தின் நகலை வைத்து, முதல் அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லி மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். ஆறு வாரம் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.