பின்னணி நீக்க எது நல்லது? போட்டோஷாப்பை விட்டு கிம்ப்புக்கு வந்த கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படம் பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். பாஸ்போர்ட் படம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பதாகை, கோயில் திருவிழாவுக்கு பேனர் என்று பலதும் வரும். ஆனால் கடையைத் தூக்கி நிறுத்துவது நினைவஞ்சலிப் படங்கள்தான். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால் மாலைக்குள் படம் வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்து முடித்த பெரியவர்களுக்குத் தனியாக எடுத்த படம் பெரும்பாலும் இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ நாலு பேரோடு நிற்கும் படம் வரும். இல்லையென்றால் லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) வாசலில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படம். அதிலிருந்து ஆளை மட்டும் பிரித்து, பின்னால் நீலமோ வெள்ளையோ போட்டுப் பெரிதாக்கித் தர வேண்டும்.

இந்த வருடம் போட்டோஷாப் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளுக்கு மாறினேன். தொழிலில் இருப்பவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். இணையத் தளத்தில் போட்டால் ஐந்து வினாடியில் முடிகிற வேலைக்கு மென்பொருள் எதற்கு என்று இன்னொரு கூட்டம் கேட்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இணையத் தளங்கள். ரிமூவ்.பிஜி 2018 டிசம்பரில் வந்தது. ஆஸ்திரியாவில் இருக்கும் காலைடோ நிறுவனம் செய்தது. 2021-ல் கேன்வா என்ற இணைய வடிவமைப்பு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. படத்தை ஏற்றினால் ஆளைத் தானே கண்டுபிடித்துப் பின்னணியை எடுத்துவிடும். சாதாரணச் சுவருக்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் இதை மிஞ்ச ஆளில்லை. வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பாஸ்போர்ட் படத்துக்கு இது போதும் என்றே சொல்வேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுக்காமல் இறக்கினால் கிடைப்பது சுமார் 0.25 மெகாபிக்சல், அதாவது இரண்டரை லட்சம் புள்ளி கொண்ட படம். மலேசியப் பாஸ்போர்ட் படம் 35 மில்லிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது 413-க்கு 591 பிக்சல், கிட்டத்தட்ட அதே 0.25 மெகாபிக்சல்தான். ஆகவே முதலில் அந்த அளவுக்கு வெட்டி, பிறகு ஏற்றினால் தரம் குறையாமல் வந்துவிடும். முழுப் படத்தையும் ஏற்றிவிட்டு அப்புறம் முகத்தை மட்டும் வெட்டினால் மங்கிப்போகும். ஆனால் சுவரில் மாட்டும் 8-க்கு 10 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3000 பிக்சல், அதாவது 7.2 மெகாபிக்சல் வேண்டும். அங்கே இலவசக் கணக்கு செல்லாது. காசு கட்டினால் பெரிய அளவு கிடைக்கும். நான் கட்டிப் பழகியதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அளவை விடுங்கள். எனக்கு முக்கியமான விஷயம் வேறு. வேலை முடிந்து படம் போன பிறகு என் கையில் என்ன மிஞ்சுகிறது?

நினைவஞ்சலி வேலை ஒரு தடவையோடு முடிவதில்லை. முதல் நாள் பிரேம். அடுத்து பத்திரிகைக்குக் கறுப்பு வெள்ளை. பதினாறாம் நாள் காரியத்துக்கு பேனர், அதில் பின்னணி வேறு. வருடத் திதிக்கு மறுபடி வருவார்கள். அப்போது அம்மா படமும் அப்பா படமும் ஒரே பிரேமில் வேண்டும் என்பார்கள். வெள்ளையில் வைத்துப் பார்த்தபோது தெரியாத ஓரக் குறை, கரு நீலத்தில் வைத்ததும் பளிச்சென்று தெரியும். காது நுனி கொஞ்சம் போயிருக்கும், தோள் பக்கம் பழைய சுவரின் மஞ்சள் ஒட்டியிருக்கும். தளத்திலிருந்து இறக்கிய பிஎன்ஜி கோப்பில் வெட்டியது வெட்டியதுதான். அந்தக் காது நுனி அந்தக் கோப்பில் இல்லை. கேன்வாவில் அழித்ததை மீட்கும் தூரிகை இருக்கிறது, உண்மை. ஆனால் அது அந்தக் கணக்குக்குள் இருக்கும்வரைதான். இறக்கிய படத்தில் வராது.

லேயர் மாஸ்க், அதாவது படத்தின் அடுக்குக்குப் போடும் மறைப்பு, வைத்து வேலை செய்தால் கதையே வேறு. ஜன்னலுக்குத் திரை போடுவது மாதிரி: வெளியே இருப்பது அங்கேயேதான் இருக்கிறது, நம் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பாதி தெரியும். காது நுனி போய்விட்டதா? வெள்ளைத் தூரிகையால் ஒரு தடவு, திரும்பி வந்துவிடும். யூடியூபில் பல பேர் பின்னணியைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையை அழுத்தச் சொல்லித் தருகிறார்கள். தொழிலுக்கு அந்தப் பழக்கம் ஆகவே ஆகாது.

போட்டோஷாப் சந்தா முடிந்திருந்த சமயத்தில் ஓர் அக்கா கடைக்கு வந்தார். அவருடைய அப்பாவின் படத்தை முன்பு நான்தான் பிரித்து நீலப் பின்னணியில் போட்டுக் கொடுத்திருந்தேன். “தம்பி, அப்பாவுக்குப் பின்னால நாங்க இருந்த வீடு தெரியுமே, அது இன்னும் உங்ககிட்ட இருக்கா?” என்றார். காகிதப் படம் ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டதாம். அந்த லயங்களை இடித்துத் தோட்டம் முழுக்க செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்டது. அவர்களிடம் அந்த வீட்டுக்கு வேறு படமே கிடையாது.

என்னிடம் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு இருந்தது. அப்போது சோதனைக்காகக் கணினியில் போட்டு வைத்திருந்த கிம்ப்பில் அதைத் திறந்தேன். மாஸ்க் அப்படியே வந்தது. மாஸ்க்கின் சிறுபடத்தின் மேல் கன்ட்ரோல் விசையைப் பிடித்து ஒரு கிளிக். நீலம் மறைந்து பின்னால் தகரக் கூரை, வாசல் படி, ஓரமாகத் தண்ணீர்ப் பீப்பாய், சாய்த்து வைத்த சைக்கிள், எல்லாம் வந்தன. அக்கா திரையில் விரலை வைத்து, “இதான் எங்க குசினி” என்று சமையலறையைக் காட்டினார். அந்தப் படத்தைத் தனியாக அடித்துக் கொடுத்தேன். நான் வெட்டி எறிய வேண்டிய இடம் என்று நினைத்ததைத்தான் அந்தக் குடும்பம் கேட்டு வந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: மாஸ்க் இல்லாத வேலை வேண்டாம், சந்தா முடிந்தால் திறக்காத மென்பொருளை நம்பி மாஸ்க்கை வைத்திருக்கவும் வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் போட்டோஷாப் மட்டம் என்று அர்த்தமில்லை. வேலைத் திறமையில் அதுதான் முன்னால் நிற்கிறது. 2018-ல் வந்த செலக்ட் சப்ஜெக்ட் ஒரு சொடுக்கில் ஆளைப் பிடிக்கும். ரிமூவ் பேக்கிரவுண்ட் பொத்தானும் எதையும் அழிப்பதில்லை, மாஸ்க்தான் போடுகிறது. செலக்ட் அண்ட் மாஸ்க்கில் முடியோரத்துக்கென்று தனித் தூரிகை உண்டு. ஓரத்தில் ஒட்டிய பழைய நிறத்தை எடுக்கவும் வசதி உண்டு. கிம்ப்பில் இவ்வளவு சொகுசு கிடையாது. எனக்குப் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். 2012-ல் வந்த சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு போட்டோஷாப்பை ஒரு தடவை காசு கொடுத்துச் சொந்தமாக்க வழியில்லை. 2013-லிருந்து எல்லாம் சந்தா. பதினைந்து வருடம் கழித்து ஒரு குடும்பம் வந்து கேட்டாலும் கோப்பைத் திறக்க முடிய வேண்டும் என்றால், அதுவரை மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாண சீசனில் அது பெரிய காசில்லை. வேலை இல்லாத மாதங்களில் கடிக்கும்.

கிம்ப் 1996-லிருந்து இருக்கிறது. பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை இலவசம், மூல நிரலும் திறந்தது. இதன் எக்ஸ்சிஎஃப் கோப்பு லேயர், மாஸ்க் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும். கணினி செத்தாலும் இன்னொரு கணினியில் கிம்ப்பை இறக்கிப் போட்டுத் திறந்துகொள்ளலாம். யாரிடமும் கடவுச்சொல் கேட்க வேண்டியதில்லை.

வேலை எப்படிப் போகும் என்று கொஞ்சம் சொல்கிறேன், கிம்ப் கஷ்டம் என்று பயப்படுபவர்களுக்காக. ஃபோர்கிரவுண்ட் செலக்ட் என்ற கருவியை எடுத்து ஆளைச் சுற்றி உத்தேசமாக ஒரு கோடு போட வேண்டும். என்டர் தட்டினால் வெளிப்பக்கம் நிறம் மாறும். பிறகு முகம், சட்டை, கை என்று ஆளுக்குரிய நிறங்களின் மேல் தூரிகையால் பூச வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் பட்டால் போதும். கீழே என்ஜின் என்ற இடத்தில் மேட்டிங் லெவின் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடியோரம் நன்றாக வரும், ஆனால் நேரம் எடுக்கும். பழைய கணினியில் பெரிய படம் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். தேர்வு திருப்தியானதும் லேயர் மெனுவில் மாஸ்க் சேர்க்கும்போது செலக்‌ஷன் என்பதைக் குறித்துவிட்டால் முடிந்தது. மீதியைக் கறுப்பு வெள்ளைத் தூரிகையால் சரிசெய்யலாம்.

நம் ஊர்ப் படங்களில் கவனிக்க வேண்டியது பச்சை. செம்பனைக்கோ பால்மரத்துக்கோ (ரப்பர் மரம்) முன்னால் நின்ற பெரியவரின் நரைமுடியில் இலையின் பச்சை ஏறியிருக்கும். எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் வெள்ளைப் பின்னணியில் தலையைச் சுற்றி லேசான பச்சைக் கோடு நிற்கும். இதற்குத் தேர்வைத் திரும்பத் திரும்பச் சுருக்கிப் பயனில்லை, முடிதான் குறையும். லேயரை ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொண்டு, தூரிகையின் மோடை எச்எஸ்எல் கலருக்கு மாற்றி, முடியின் உள்பக்கத்துச் சாம்பலை எடுத்து ஓரத்தில் தடவினால் வெளிச்சம் மாறாமல் பச்சை மட்டும் போய்விடும். வெள்ளை வேட்டி ஓரத்துக்கும் இதே வைத்தியம்தான். மூக்குக் கண்ணாடிக்குள் தெரியும் பழைய பின்னணியை மட்டும் எந்தக் கருவியும் ஒழுங்காகச் செய்து நான் பார்க்கவில்லை. அது கைவேலைதான்.

தைப்பூசக் காவடிப் படங்களும் அப்படியே. மயிலிறகு, மெல்லிய கம்பி, முதுகுக் கொக்கியில் தொங்கும் எலுமிச்சை, இதெல்லாம் ஆளோடு சேர்ந்ததா பின்னணியா என்று தானியங்கிக் கருவிகளுக்குக் குழப்பம். என் கைக்கு வந்தவற்றில் அலகு வேலின் நுனியை வெட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அலகு குத்தியவர் வீட்டில் மாட்டும் படத்தில் வேல் முறிந்து நிற்கக் கூடாது. இங்கே பாத்ஸ் கருவியால் புள்ளி புள்ளியாக வைத்துப் போவதுதான் வழி. போட்டோஷாப்பில் இதற்குப் பென் டூல். இந்த ஒரு வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, கைப்பழக்கம்தான் பேசும்.

போட்டோபியாவையும் சொல்லிவிடுகிறேன். உலாவியிலேயே ஓடும், போட்டோஷாப் மாதிரியே இருக்கும், பிஎஸ்டி திறக்கும், மாஸ்க் உண்டு. படத்தை வேறெங்கும் ஏற்றாமல் நம் கணினியிலேயே வேலை செய்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். சொந்தக் கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக் கணினியில் இதைத்தான் காட்டுவேன். தினசரி வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை.

கிம்ப்பில் எனக்குக் குறை என்றால் சிஎம்ஒய்கே. அச்சகம் கேட்கும் அந்த நிற முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாது. என்னுடைய பேனர்கள் ஈப்போவில் அச்சாகின்றன. திரைக்கான சாதாரண ஆர்ஜிபி நிறக் கோப்பைக் கொடுத்தால் அவர்களே மாற்றிக்கொள்கிறார்கள், சிவப்பும் ஆரஞ்சும் மட்டும் கொஞ்சம் அடங்கி வரும். அம்மன் கோயில் பேனரில் அது கண்ணுக்குத் தெரியும். அச்சையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவர்கள் போட்டோஷாப்பை விட வேண்டாம். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-ல் ஃபில்டர்களைப் போட்ட பிறகும் மாற்றலாம் என்பது பெரிய முன்னேற்றம், ஆனால் நான் இன்னும் 2.10-ல்தான் அதிகம் வேலை செய்கிறேன்.

மாற நினைப்பவர்கள் சந்தா முடிவதற்கு முன்பே பழைய பிஎஸ்டி கோப்புகளை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்க் போட்ட சாதாரண லேயர் கிம்ப்பில் ஒழுங்காகத் திறக்கிறது. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எல்லாம் போட்டோஷாப்பில் இருந்த மாதிரி வராது. அவற்றைப் போட்டோஷாப்பிலேயே சாதாரண லேயராக்கி, மாஸ்க்கை மட்டும் தொடாமல் விட்டு, வேறு பெயரில் சேமித்து வையுங்கள். ஸ்கேன் செய்த மூலப் படத்தையும் அதே கோப்புறையில் போடுங்கள்.